பெயர் சூட்டினால் கடை நிலைக்குமா?

எங்கள் ஊரிலும் சுற்றுப்புறத்திலும் புதிதாகக் கடை திறப்போர் என்னை நாடி வருவது வழக்கமாகிவிட்டது. முதல் கேட்டு அவர்கள் வருவதில்லை. தமிழாசிரியனிடம் முதலுக்கு எங்கே போவது? பெயர் கேட்டு வருகின்றனர். இந்த இருபத்தெட்டு ஆண்டுகளில் பதினொரு கடைகளுக்குத் தனித்தமிழ்ப் பெயர் சூட்டியிருக்கிறேன். அடுமனை, ஆடையகம், அச்சகம், நகலகம் என்று அவை பலவகைப்பட்டன. சென்ற திங்கள் ஒருநாள் மாலை உலாவப் போனபோது அவற்றை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே நடந்தேன். நான்கு திறந்திருந்தன. ஏழு இல்லை. அவ்வேழனுள் ஒன்றன் பெயர்ப்பலகை மட்டும் இன்னும் தொங்குகிறது. அதன்கீழ் வேறொருவர் கைப்பேசி உறை விற்றுக்கொண்டிருக்கிறார்.

பெயர்ப்பலகையில் ஒற்று மிகுமா மிகாதா என்று நான் அரைநாள் ஆய்ந்ததுண்டு. அக்கடையில் ஆண்டு முடிவில் ஏதேனும் மிகுமா மிகாதா என்று அரைநொடியும் ஆய்ந்ததில்லை. அதனை ஆய்வது என் வேலையன்று என்றே இருந்தேன். அவ்வெண்ணம் தவறென்று எனக்குக் காட்டியவன் என் பழைய மாணாக்கன் ஒருவன். அவன் பெயரை எழுதேன். எழுதினால் அவனுக்குப் பிடிக்காது.

அவன் மரச்செக்கு வைத்தான். வாகை மரத்தில் கடைந்த உரலும் உலக்கையும். மாட்டுக்கு மாற்றாக மின்பொறி. தாயின் நகையை அடகுவைத்ததும் தான் மூன்றாண்டு வெளியூரில் உழைத்துச் சேர்த்ததுமாக நான்கரை இலக்கம் உரூபா அதில் போட்டான். கடைக்குள் நுழைந்ததும் எதிரே வ.உ.சிதம்பரனாரின் படம். கோவைச் சிறையில் செக்கிழுத்தவர் பெயரால் நாம் செக்கோட்டி நல்லெண்ணெயும் கடலையெண்ணெயும் தமிழர்க்குக் கொடுப்போம் என்பது அவன் எண்ணம். பெயர் சூட்டியவன் நான். திறந்துவைத்தவர் நம் அன்பர் ஒருவர். வந்திருந்தோர் அறுபது பேர். எல்லாரும் பேசினோம். அடுத்த பதினான்காம் திங்களில் செக்கு விலைபோயிற்று.

விற்ற பிறகு ஒரு நாள் அவன் தன் கணக்குச் சுவடியுடன் என்னிடம் வந்தான். குறை சொல்ல வரவில்லை; எங்கே பிழைபட்டது என்று தெரிந்துகொள்ள வந்தான். கணக்கறியாத நானும் அவனும் ஒரு மாலை முழுதும் அதனைப் புரட்டினோம். பத்துக் கிலோ கடலைப்பருப்பு அவனுக்கு 1,300 உரூபா. ஆட்டினால் ஏறக்குறைய நான்கு கிலோ எண்ணெய் இறங்கும். ஐந்தரைக் கிலோ பிண்ணாக்கு 220 உரூபாவுக்குப் போகும். ஆக எண்ணெய் கிலோவுக்கு 270 அடக்கம். அவன் விற்றது 290-க்கு. எஞ்சிய இருபது உரூபாவுக்குள் குப்பி, மின்கட்டணம், அடகுக்கு வட்டி, திங்கள் ஆறாயிரம் கடைவாடகை, அவன் சாப்பாடு எல்லாம் அடங்க வேண்டும். திங்களுக்கு 150 கிலோ விற்றான். 3,000 உரூபா. வாடகையில் பாதி!

“ஏன் தம்பி, 340 என்று வைத்திருக்கக் கூடாதா?” என்றேன்.

“நம்மவர்கள் வாங்க வேண்டுமே ஐயா” என்றான்.

நம்மவர்கள் வாங்கினார்களா என்று பார்த்தோம். வாங்கியிருந்தார்கள். சுவடியின் பின்பக்கத்தில் பற்று எழுதியிருந்தான். நாற்பத்தொரு பெயர்கள், மொத்தம் 73,000 உரூபா. திறப்பு விழாவில் பேசியவர்களில் பெரும்பாலோர் அப்பட்டியலில் இருந்தனர். மேடையில் மிக நீளமாகப் பேசியவர் பெயர்க்கு நேரே மிக நீளமான தொகை. பதினேழாம் வரியில் என் பெயர். பதினாறு கிலோ, 4,640 உரூபா. நான் ஏமாற்ற எண்ணியவனல்லன். ‘நம் பையன் கடைதானே, ஒன்றாம் நாள் சம்பளம் வந்ததும் கொடுப்போம்’ என்று ஒவ்வொரு முறையும் எண்ணி, ஒவ்வொரு முறையும் மறந்தவன். அதே திங்கள்களில் கடைவீதியின் பெரிய பல்பொருள் அங்காடியில் பருப்பும் சருக்கரையும் வாங்கிக் கையோடு காசு கொடுத்து வந்தேன். அங்கே யாரும் என்னை ஐயா என்று அழைக்கவில்லை; ஆகலின் கடன் சொல்லவும் நாக்கு எழவில்லை.

அன்றிரவு எனக்கு உறக்கம் பிடிக்கவில்லை. சிதம்பரனார் படத்தைக் கடையில் மாட்டினோமே, அவர் நடத்திய வணிகத்தின் கணக்கை நம்மில் எவரேனும் எண்ணிப் பார்த்தோமா என்று தோன்றிற்று. அவரை ஈகச் செம்மலாகக் கண்டோம், நூற்பதிப்பாளராகக் கண்டோம், தொழில்முனைந்தவராகக் காணவேயில்லை. அவர் வாழ்விலிருந்து தொழில் தொடங்குவோர் கற்க வேண்டுவது, நாம் மேடையில் சொல்லும் செய்தியைவிடக் கடினமானது.

தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே பிரித்தானிய இந்திய நீராவிக் கப்பல் நிறுவனம் தனிக்காட்டு வேந்தாக இருந்த காலம் அது. 1906-ஆம் ஆண்டு அக்தோபர் 16-ஆம் நாள் சிதம்பரனாரின் நிறுவனம் பதிவாயிற்று. அன்றைய வழக்கில் சுதேசிக் கப்பல் கம்பெனி. முதல் பத்து இலக்கம் உரூபா. பங்கு ஒன்று 25 உரூபாவாக 40,000 பங்குகள். தலைவர், மதுரைத் தமிழ்ச் சங்கத்தை 1901-இல் நிறுவிய பாண்டித்துரையார். தமிழுக்குச் சங்கம் கண்டவரே கப்பலுக்கும் தலைமை தாங்கினார் என்பதை நம் பாடநூல்கள் இரண்டு வெவ்வேறு பாடங்களில் வைத்துவிட்டமையால் மாணாக்கர் இருவரையும் ஒருவராக அறிவதில்லை. ஆசி முகமது பக்கீர் சேட் என்னும் வணிகர் ஒருவரே 8,000 பங்குகள், அஃதாவது இரண்டு இலக்கம் உரூபாவுக்கு எடுத்தார். இருபத்தைந்து உரூபாப் பங்கு என்பதைக் கருதிப் பாருங்கள். செல்வர்தம் ஆயிரங்களோடு எளியவரின் இருபத்தைந்தும் சேர இடம் வைத்தார். நல்ல முதல் திரட்டும் முறை அது.

தொடக்கத்தில் நிறுவனத்துக்குச் சொந்தக் கப்பல் இல்லை. மும்பை வணிகரிடம் வாடகைக்கு எடுத்து ஓட்டினர். எதிரி அவ்வணிகரை அச்சுறுத்தினான்; வாடகைக் கப்பல் நின்றது. இது முதற்பாடம். நம் தொழிலின் உயிர்நிலை பிறன் கையிலிருந்தால், நம்மை வீழ்த்த நினைப்பவன் நம்மிடம் வரமாட்டான், அவனிடம் போவான். இன்று கைப்பேசிச் செயலி ஒன்றன் வழியாக மட்டுமே பொருள் விற்கும் நம் இளைஞர் இதனைத் தம் அகவையிலேயே அறிந்துகொள்வது நன்று. செயலிக்காரன் தன் தரகை ஏற்றினால் போக்கிடம் ஏது?

சிதம்பரனார் சோர்ந்தாரல்லர். கொழும்பிலிருந்து ஒரு கப்பலை வாடகைக்கு அமர்த்தி இடைவெளியை அடைத்தார். பின்னர்ச் சொந்தக் கப்பலுக்காக மும்பைக்குப் புறப்பட்டார். கப்பலோடு மீள்வேன், இன்றேல் கடலில் வீழ்வேன் என்று உறுதி சொல்லிப் போனார் என்பர். 1907-இல் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்களும் தூத்துக்குடிக்கு வந்தன. ஒவ்வொன்றும் ஆயிரத்து முந்நூறு பேருக்கு மேல் ஏற்றவல்லது. சரக்கு மூட்டைகளும் கொள்ளும். ஊர் கடற்கரையில் திரண்டது.

இனி நிகழ்ந்ததைத்தான் நாம் ஊன்றிப் பார்த்தல் வேண்டும். வெள்ளையர் நிறுவனம் கட்டணத்தை ஆளுக்கு ஓர் உரூபாவாகக் குறைத்தது. சிதம்பரனார் நிறுவனம் அரை உரூபா என்றது. உடனே அவர்கள் கட்டணமே வேண்டா என்றனர்; ஏறி வருவோர்க்குக் குடையும் ஒன்று கொடுத்தனர் என்பது நாடறிந்த செய்தி. குடையை மறுத்துக் காசு கொடுத்து நம் கப்பலில் ஏறியோர் பலர். அதனைச் சொல்லும்போது மேடைகளில் கைதட்டு எழும், நானும் தட்டியவன்தான். ஆனால் கணக்குச் சுவடியை மடியில் வைத்துக்கொண்டு எண்ணிப் பார்க்கும்போது வேறொன்று தெரிகிறது. குடையை மறுத்து வந்தவர் கொடுத்ததும் அரை உரூபாதான். நிலக்கரிக்காரன் நாட்டுப்பற்றுக்காக விலை குறைக்கமாட்டான். மாலுமிக்குச் சம்பளம், துறைமுகக் கட்டணம், பழுதுபார்ப்பு எதுவும் பாதியாகவில்லை. கப்பல் நிறைய ஆள் ஏறினாலும் இழப்பு. விலைப்போரில் நம்மவர் தோற்றது ஆள் வாராமையால் அன்று; ஆள் வந்தும் தோற்கும் விலைக்கு இறங்கியமையால்.

இறங்காமல் வேறென்ன செய்திருக்க முடியும் என்று கேட்பீர்கள். எளிய விடை என்னிடம் இல்லை. உலகெங்கும் கப்பலோட்டிய நிறுவனம் தூத்துக்குடித் துறையில் படும் இழப்பை வேறு துறைகளின் ஊதியத்தால் ஈடுசெய்துகொள்ளும். நமக்கு இருந்தது ஒரே துறை. மேலும் எதிரிக்குப் பின்னால் அரசே நின்றது. வலியறிதல் என்னும் திருக்குறள் பகுதியை முப்பதாண்டு பாடம் சொன்னவன் நான். தன் வலியையும் மாற்றான் வலியையும் தூக்கிப் பார்ப்பது போர்க்களத்துக்கு மட்டும் உரியதென்று மாணாக்கர்க்குச் சொல்லி வந்தேன். பெட்டியில் இருக்கும் பணம் எத்தனைத் திங்களுக்கு இழப்பைத் தாங்கும் என்று எண்ணுவதும் வலியறிதலே. கப்பல் வாங்குவதற்கு ஒரு முதல் வேண்டும். கப்பலை ஓட்டுவதற்கு வேறொரு முதல் வேண்டும். என் மாணாக்கன் நான்கரை இலக்கத்தையும் செக்கிலும் மரப்பலகையிலும் பெயர்ப்பலகையிலும் போட்டுவிட்டு, முதல்நாள் கடலை வாங்கவே கைம்மாற்று வாங்கினான்.

சொல்லைப் பற்றி ஒரு சொல். இன்று ‘ஊதியம்’ என்பதை நாம் கூலிக்கு வழங்குகிறோம். வள்ளுவர் காலத்தில் அது வணிகன் ஈட்டும் ஆக்கத்தின் பெயர். ‘முதல்’ என்பதோ தொடக்கத்தையும் குறிக்கும். வைப்புப் பொருளையும் குறிக்கும். முதலும் ஊதியமும் வேறு வேறு என்று அறிந்த மொழி நம்முடையது. ஆயினும் கடைக்காரன் கல்லாவில் விழும் காசு முழுவதையும் ஊதியமென்று எண்ணி வீட்டுச் செலவுக்கு எடுப்பதை நாள்தோறும் காண்கிறோம்.

1908-ஆம் ஆண்டு மார்ச்சு 12-ஆம் நாள் சிதம்பரனார் தளைப்படுத்தப்பட்டார். சூலையில் இரட்டை வாழ்நாள் தண்டம். மேல்முறையீட்டில் அது குறைந்தது. கோவையிலும் கண்ணனூரிலும் சிறை. அவர் உள்ளே செக்கிழுத்துக்கொண்டிருக்கையில் வெளியே நிறுவனம் நொறுங்கிற்று. அவருடைய அரசியல் இயக்குநர் சிலர்க்கு முன்னமே உவப்பாயில்லை. அவரில்லாத நிலையில் நிறுவனத்தைத் தூக்கி நிறுத்த ஒருவரும் முன்வரவில்லை. 1911-இல் நிறுவனம் கலைக்கப்பட்டது. கப்பல் போட்டியாளன் கைக்கே போய்ச் சேர்ந்தது. சிறையில் இருந்தவரைக் குறைகூற எனக்கு வாயில்லை. கூறுபவன் மாந்தனும் அல்லன். ஆயினும் ஒருவர் தோளில் மட்டும் நிற்கும் தொழில், அவர் தோள் விலகிய நாளில் விழும் என்பது மாறாது. செக்குக் கடையில் நேர்ந்ததும் அதுவே. அவன் தாய்க்கு நோய் கண்டு மருத்துவமனையில் கிடந்த பத்தொன்பது நாளும் கடை பூட்டிக் கிடந்தது. செக்கோட்டத் தெரிந்த இன்னொருவர் இல்லை. கிழமைதோறும் எண்ணெய் வாங்கிய உணவுக்கடைக்காரர் மூன்றாம் நாளே வேறிடம் போனார், திரும்பி வரவில்லை. அவரைக் குறைசொல்ல முடியுமா? அவருக்கு அன்றன்றைக்கு வடை சுட வேண்டும்.

சிறையிலிருந்து 1912 திசம்பரில் வெளிவந்த சிதம்பரனாரைச் சென்னையில் வறுமை பற்றிக்கொண்டது. வழக்குரைஞர் உரிமை பறிபோயிருந்தது. சிறு கடை வைத்தும் நிலைக்கவில்லை. தென்னாப்பிரிக்கத் தமிழர் அவர்க்கென்று திரட்டிய தொகை காந்தியடிகள் வழியாக வரவேண்டியிருந்தது. அது குறித்து 1915-இல் இருவர்க்கும் இடையே மடல்கள் பல போயின, வந்தன. 347 உரூபா 12 அணா கைக்கு வந்தபோது 1916 பிறந்துவிட்டது. கொடுத்தவர்கள் உள்ளத்தில் அன்பு இல்லாமலா கொடுத்தார்கள்? அன்பு இருந்தது. அரிசி வாங்கவேண்டிய நாளில் காசு இல்லை. அவரோ 1936-இல் கண்மூடுமுன், உயில் என்று நாம் வழங்கும் இறுதி முறியில் தாம் பிறர்க்குக் கொடுக்கவேண்டிய கடன்களைக் குறித்து வைத்துவிட்டுப் போனார். நாற்பத்தொருவர் பட்டியலில் பதினேழாமவனாகிய நான் இதனை எழுதும்போது கை கூசுகிறது.

அதே தூத்துக்குடியில் 1921-இல் நாடார் வணிகர்கள் ஒரு வங்கி தொடங்கினர். நாடார் வங்கி என்று பெயர் பெற்று, 1962-இல் தமிழ்நாடு மெர்க்கண்டைல் வங்கி என்றாகி, நூறாண்டு கடந்தும் நடக்கிறது. அவ்வணிகரிடையே மகமை என்றொரு பழக்கம் உண்டு. விற்கும் சரக்கில் சிறு பங்கைப் பொதுப்பெட்டியில் போட்டுக்கொண்டே வருவர். பள்ளியும் பிறவும் அதிலிருந்து எழும். வெள்ளையரசு கப்பலை எதிர்த்ததுபோல் வங்கியை எதிர்க்கவில்லை என்பதை மறக்கலாகாது; ஆகவே இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தல் முறையன்று. ஆனால் நல்ல நாளில் எடுத்து வைத்து அல்லல் நாளில் எடுக்கும் பழக்கத்தை அவர்களிடமிருந்து நாம் கற்கலாம். வங்கியின் பெயரில் பாதி ஆங்கிலமாயிற்றே என்று நம் அன்பர் ஒருவர் வருந்தினார். எனக்கும் வருத்தமே. பெயர் தூய்மையாயிருந்த ஏழு கடைகளும் மூடிக்கிடப்பதும் வருத்தமே.

நம் இயக்கத்தார் சிலர் இதனைப் படித்துச் சினப்பர். உணர்வைக் காசாக எண்ணுகிறான் என்பர். நான் சொல்வது வேறு. உணர்வோடு ஒருவன் கடை வைத்தால், உணர்வாளராகிய நாம் அவனிடம் இரு மடங்கு கண்டிப்போடு காசு கொடுத்து வாங்க வேண்டும். விலை குறைக்கச் சொல்லக் கூடாது. பொருளில் குறையிருந்தால் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். என் மாணாக்கனின் இரண்டாம் ஈட்டு எண்ணெயில் கசடு அடியில் நின்றது. நாற்பத்தொருவரில் ஒருவர்கூட அதனைச் சொல்லவில்லை. நம் பையன் மனம் நோகுமே என்றிருந்தோம். சொல்லாமல் வாங்குவதை மட்டும் குறைத்துக்கொண்டோம். கடையில் நின்ற அவனுக்கு ஏன் விற்பனை குறைகிறது என்று கடைசிவரை தெரியவில்லை.

தொழில் தொடங்கும் தம்பிமார்க்கும் ஒன்று சொல்வேன். கேட்கக் கூசாதீர்கள். ஐயா, உங்கள் பற்று 4,640 இருக்கிறது என்று அவன் ஒரு முறை என்னிடம் கேட்டிருந்தால் அன்றே கொடுத்திருப்பேன். ஆசிரியரிடம் எப்படிக் கேட்பது என்று அவன் கூசினான். அக்கூச்சத்தைக் கற்றுக் கொடுத்தவனும் நான்தான் போலும். வகுப்பில் கேள்வி கேட்டவனை உட்காரச் சொன்ன நாள்கள் நினைவுக்கு வருகின்றன.

மறுநாள் காலையில் அவனிடம் பணத்தைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு என் பெயர்மேல் கோடு கிழித்தான். மற்ற நாற்பதின்மரில் பன்னிருவரிடம் நானே போய்த் தண்டிக் கொடுத்தேன். இருவர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டனர். அவன் இப்போது காங்கேயத்தில் ஓர் எண்ணெய் ஆலையில் கணக்கு எழுதுகிறான். அடகு வைத்த நகையில் பாதி மீண்டிருக்கிறது. மறுபடி செக்கு வைப்பாயா என்று கேட்டதற்கு, “ஈராண்டு கணக்கு எழுதிப் பழகிவிட்டு வைப்பேன் ஐயா, விலை 340தான்” என்றான்.

சென்ற கிழமை பன்னிரண்டாமவர் ஒருவர் பெயர் கேட்டு வந்தார். சிறுகூலத் தின்பண்டக் கடையாம். அழகான பெயர் ஒன்று எனக்கு உடனே நாவில் வந்தது; அடக்கிக்கொண்டேன். அடக்கவிலை என்ன, ஓராண்டு வாடகை கையில் தனியே இருக்கிறதா, நீங்கள் படுத்துவிட்டால் அடுப்பை யார் பார்ப்பார் என்று கேட்டேன். பெயர் கேட்க வந்த இடத்தில் இவற்றையெல்லாம் ஏன் கேட்கிறார் என்பதுபோல் பார்த்தார். எழுதிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிப் போயிருக்கிறார். இன்னும் வரவில்லை.